முட்டை எடை குறையட்டும்: இன்குபேட்டர் ஈரப்பதம் பற்றி

அடையில் இருக்கும் முட்டை நாளுக்கு நாள் எடை குறைய வேண்டும். இன்குபேட்டர், அதாவது கோழி இல்லாமல் முட்டையை அடைவைக்கும் பெட்டி, அதன் ஈரப்பதத்தைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். 55 கிராம் கோழி முட்டை, பொரிக்க இன்னும் மூன்று நாள் இருக்கும் 18ஆம் நாள் காலையில் தராசில் 48, 48.5 கிராம் என்று நின்றால் உள்ளே எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது என்று நிம்மதியாக இருக்கலாம். 52 கிராம் காட்டினால் கவலைப்பட வேண்டும். 45 காட்டினாலும் கவலைப்பட வேண்டும். மூடியில் மின்னுகிற எண் 45ஆ, 55ஆ, 60ஆ என்ற கேள்வியெல்லாம் இந்தக் கணக்குக்கு அப்புறம்தான்.

ஆனால் புதிதாக இன்குபேட்டர் வாங்குகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்வது அந்த எண்ணைத்தான். "ஈரப்பதம் எவ்வளவு வைக்கணும்?" என்று கேட்பார்கள். அனுபவம் உள்ளவர்களில் ஒருவர் 40 என்பார், இன்னொருவர் 55க்குக் கீழே விடவே கூடாது என்பார், மூன்றாமவர் 18 நாள் வரை தண்ணீரே ஊற்றாதீர்கள் என்பார். கேட்டவருக்குத் தலை சுற்றும். உண்மை என்னவென்றால் மூன்று பேருக்குமே குஞ்சு பொரிக்கிறது. அவரவர் அறை வேறு, பெட்டி வேறு, மீட்டர் வேறு, முட்டையின் ஓடு வேறு. எண் மட்டும் கைமாறி வருகிறது. அது எந்த அறையில் பிறந்த எண் என்ற விவரம் கூட வருவதில்லை.

முட்டையிலிருந்து தண்ணீர் ஏன் போக வேண்டும் என்பது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பார்வைக்கு ஓட்டையே இல்லாத முட்டை ஓட்டில் பத்தாயிரத்தை ஒட்டிய நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியாக ஆக்சிஜன் உள்ளே போகிறது, கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வெளியே வருகின்றன. கரு வளர்வதற்கான சக்தி பெரும்பாலும் மஞ்சள் கருவின் கொழுப்பிலிருந்து வருகிறது. ஒரு கிராம் கொழுப்பு எரிந்தால் ஒரு கிராமுக்குச் சற்று அதிகமாகவே தண்ணீர் உண்டாகும். அதாவது கரு வளர வளர முட்டைக்குள் புதுத் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கிறது. அது வெளியேறாவிட்டால் குஞ்சு நீர் கோத்து ஊதிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. வெளியேறிய தண்ணீர் விட்டுச்சென்ற இடத்தில் காற்று வந்து உட்காருகிறது. முட்டையின் மழுங்கிய முனையில் இருக்கும் காற்றறை அப்படித்தான் பெரிதாகிறது. குஞ்சு முதன்முதலில் நுரையீரலால் மூச்சு விடுவது வெளிக்காற்றில் அல்ல, இந்தக் காற்றறைக்குள்தான். 19ஆம், 20ஆம் நாள் வாக்கில் உட்சவ்வைக் குத்தி அலகை இந்த அறைக்குள் நீட்டுகிறது. அங்கே இடம் போதவில்லை என்றால் அந்த முதல் மூச்சே சிக்கலாகிவிடும்.

1970களில் ஹெர்மன் ராஹ்ன், அமோஸ் ஆர், சார்ல்ஸ் பகனெல்லி ஆகிய உடலியல் ஆய்வாளர்கள் பல பறவை இனங்களின் முட்டைகளை எடுத்துக்கொண்டு இந்த நீரிழப்பை அளந்தார்கள். சின்னஞ்சிறு பறவையோ பெரிய பறவையோ, அடைகாலம் முடிவதற்குள் முட்டையின் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நீராவியாகப் போகிறது என்று தெரிந்தது. புதிய முட்டையில் தண்ணீர் எந்த விகிதத்தில் இருந்ததோ, பொரித்து வரும் குஞ்சிலும் கிட்டத்தட்ட அதே விகிதம்தான் இருக்கிறது என்பது அதைவிட ஆச்சரியமான விஷயம். கோழி முட்டைக்கு நடைமுறையில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு: 18 நாள் முடிவில் 11 முதல் 14 சதவீதம் எடை குறைந்திருக்க வேண்டும். நான் 12.5 சதவீதத்தைக் குறி வைக்கிறேன்.

இப்போது காற்றுக்கு வருவோம். முட்டைக்குள் ஈரம் எப்போதும் நிறைந்த நிலையில், அதாவது 100 சதவீதத்தில் இருக்கிறது. வெளியே பெட்டிக்குள் 50 சதவீதம் என்றால் இடைவெளி 50. முட்டை எவ்வளவு வேகமாக உலரும் என்பதைத் தீர்மானிப்பது இந்த இடைவெளிதான். கொடியில் துணி காயாத நாளில் முட்டையும் உலராது. வெப்பநிலை மாறாமல் இருக்கும்போது நூறிலிருந்து பெட்டியின் ஈரப்பதத்தைக் கழித்தால் வருகிற எண்ணும், முட்டையின் எடைக் குறைவும் நேர் விகிதத்தில் போகும். 50 சதவீதத்தில் 12 சதவீதம் எடை இழக்கிற முட்டை, 60 சதவீதத்தில் 9.6 சதவீதம்தான் இழக்கும். 40 சதவீதத்தில் 14.4 சதவீதம் இழந்துவிடும். இந்தச் சின்னக் கணக்கு கையில் இருந்தால் யாருடைய எண்ணையும் நம்பி இருக்க வேண்டியதில்லை.

தண்ணீர்த் தட்டை நிரப்புவதற்கு முன் அறையைப் பார்க்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவேன். இன்குபேட்டருக்குள் இருப்பது அறையின் காற்றுதான், சூடேற்றப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். காற்று சூடானால் அதில் உள்ள நீராவி குறைவதில்லை; ஆனால் சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும் என்பதால் சதவீதக் கணக்கில் எண் இறங்கிவிடுகிறது. அறை 30 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காற்று 37.5 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் சுமார் 40 ஆகிவிடும். அறை அதே 30 டிகிரியில் 80 சதவீத ஈரத்தோடு இருந்தால் பெட்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமலேயே 50ஐத் தாண்டும். குளிர்ந்த வறண்ட அறை, 15 டிகிரி, 60 சதவீதம் என்றால் உள்ளே 16, 17தான் நிற்கும். மூன்றுமே நல்ல இன்குபேட்டர்தான், மூன்றிலும் ஒரே மாதிரித் தண்ணீர் ஊற்றினால் மூன்று விதமான முடிவு வரும்.

"தண்ணீர் வைக்காமல் பொரிப்பது" என்று சொல்லப்படும் முறையின் சூட்சுமமும் இதுதான். அப்படிச் சொல்கிறவர்களின் அறைக்காற்றே பெட்டிக்குள் 35, 40 சதவீதத்தைக் கொடுத்துவிடுகிறது. அதனால் அவர்கள் சொல்வது அவர்களுக்குச் சரி. வறண்ட அறையில் இருப்பவர் அதை அப்படியே செய்தால் 18ஆம் நாள் முட்டையில் பாதி காற்றாக இருக்கும். எனவே அதை ஒரு முறையாக நான் பார்ப்பதில்லை. ஓர் இடத்தின் காற்று அந்த இடத்துக்குத் தந்த சலுகை என்றுதான் பார்க்கிறேன்.

மழை விடாமல் பெய்யும் நாட்களில் இதன் மறுபக்கம் தெரியும். அறை 28 டிகிரி, ஈரப்பதம் 95 என்று இருந்தால் தட்டு காலியாக இருந்தாலும் உள்ளே 55க்கு மேல் காட்டும். முட்டைகள் விடும் நீராவியும் சேரும். பெட்டி நிறைய முட்டை இருந்தால் அது லேசான விஷயமில்லை. காற்றுத் துளைகளை முழுவதும் திறந்துவிட்டால் முட்டைகள் சேர்த்த ஈரம் வெளியேறும். ஆனால் அறைக்காற்று தரும் அளவுக்குக் கீழே துளையைத் திறந்து இறக்க முடியாது. அறையின் ஈரத்தைத்தான் குறைக்க வேண்டும். ஏசி ஓடும் அறைக்குப் பெட்டியை மாற்றுவது இந்த மாதிரி நாளில் நல்ல பலன் தரும், ஏனென்றால் ஏசி குளிர்விக்கும்போதே காற்றின் ஈரத்தையும் வடித்துவிடுகிறது. அதன் காற்று நேராகப் பெட்டி மேல் அடிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மீட்டரைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். இன்குபேட்டரோடு வரும் ஈரப்பதமானியையோ தனியாகக் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் மானியையோ சோதிக்காமல் நம்பக் கூடாது. ஐந்து சதவீதம் முன்பின் இருப்பது சாதாரணம். பத்து தள்ளிக் காட்டுவதும் உண்டு. சோதிப்பதற்குச் சமையல் உப்பு போதும். ஒரு சிறிய மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் ஈர மணல் பதத்துக்கு வரும் அளவு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதையும் மானியையும் ஒன்றாக, இறுக்கமாக மூடக்கூடிய டப்பாவுக்குள் வைத்து மூடி, ஒரு இரவு முழுக்க அறைச் சூட்டில் விடுங்கள். உப்பின் மேல் நிற்கும் காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிலைத்துவிடும். காலையில் மானி 69 காட்டினால் அது 6 குறைவாகச் சொல்கிறது என்று அதன் முதுகிலேயே எழுதி ஒட்டிவிடலாம். நான் ஒவ்வொரு தடவை முட்டை வைப்பதற்கு முன்பும் இதைச் செய்துவிடுவேன், ஏனென்றால் பொரிக்கும் நாட்களின் ஈரத்தில் கிடந்து கிடந்து இந்த மானிகள் நாளடைவில் தடம் மாறிவிடுகின்றன.

பழைய கையேடுகள் ஈரத்திரி வெப்பமானியை நம்பின. வெப்பமானியின் குமிழில் பருத்தித் திரியைச் சுற்றி, திரியின் மறுமுனையைத் தண்ணீரில் விட்டு வைப்பது. தண்ணீர் ஆவியாகும்போது குமிழ் குளிரும். காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு குளிரும். பெட்டி 37.5 டிகிரியில் இருக்கும்போது ஈரத்திரி 29 டிகிரி காட்டினால் ஈரப்பதம் ஏறக்குறைய 53. 32 காட்டினால் 68. திரி சுத்தமாகவும், அதன் மேல் காற்று ஓட்டமும் இருந்தால் இதைப் போல நேர்மையான கருவி கிடையாது. மின்விசிறி இல்லாத பெட்டியில் மட்டும் இது ஈரத்தைக் கூடுதலாகக் காட்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: பழைய குறிப்புகளில் "84 முதல் 86 வரை" என்று பார்த்தால் அது ஈரத்திரியின் பாரன்ஹீட் அளவு, 53 முதல் 59 சதவீதம் வரையிலான ஈரப்பதத்துக்குச் சமம். அதை 85 சதவீத ஈரப்பதம் என்று எடுத்துக்கொண்டு தண்ணீரை நிரப்பி, முழுதாக வளர்ந்த குஞ்சுகளை முட்டைக்குள்ளேயே பறிகொடுத்தவர்கள் பலர்.

மானியைத் தண்ணீர்த் தட்டுக்கு நேர் மேலே வைக்கக் கூடாது. முட்டைகளின் மட்டத்தில், காற்று சுற்றும் இடத்தில் இருக்க வேண்டும். வெப்பமானிக்கும் அதே விதிதான். மின்விசிறி உள்ள பெட்டியில் எங்கும் 37.5 இருந்தால் போதும். விசிறி இல்லாத பெட்டியில் மேலே சூடு, கீழே குளிர்ச்சி என்று அடுக்கடுக்காக நிற்பதால் முட்டையின் மேல் மட்டத்தில் 38.5 முதல் 39 வரை வைப்பார்கள்.

இனி தராசு. சமையலறையில் வைக்கும் டிஜிட்டல் தராசே போதும், 0.1 கிராம் வரை காட்டுவது கிடைத்தால் இன்னும் நல்லது. முட்டை வைக்கும் நாளில் ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் ஓர் எண்ணும், அதன் எடையும் எழுதிவிடுங்கள். பேனா, மார்க்கர் வேண்டாம், அவற்றின் மை ஓட்டின் துளைகளில் இறங்கும். தனித்தனியாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 7ஆம் நாள் டார்ச் அடித்துப் பார்க்கும்போது கரு கூடாத முட்டைகளை எடுத்துவிடுவோம். மொத்த எடையை மட்டும் குறித்து வைத்திருந்தால் அப்போது கணக்கு குழம்பிவிடும். தனி எடை இருந்தால் எடுத்தவற்றைக் கழித்துவிட்டு மீதியை ஒப்பிடலாம்.

12 முட்டை, சேர்த்து 660 கிராம் என்று ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 12.5 சதவீதம் என்றால் 18 நாளில் 82.5 கிராம் போக வேண்டும், நாளொன்றுக்கு 4.6 கிராம். 7 நாள் முடிவில் ஏறக்குறைய 628 கிராம் இருந்தால் வழியில்தான் இருக்கிறோம். ஆனால் தராசு 634 காட்டுகிறது. 26 கிராம்தான் போயிருக்கிறது. மீதி 11 நாளில் 56.5 கிராம் போயாக வேண்டும், அதாவது நாளுக்கு 5.1 கிராம். இதுவரை போனது நாளுக்கு 3.7. வேகம் 1.38 மடங்கு கூட வேண்டும். இந்த 7 நாளும் பெட்டியின் சராசரி ஈரப்பதம் 55 என்றால் இடைவெளி 45. அதை 1.38ஆல் பெருக்கினால் 62. நூறிலிருந்து கழித்தால் 38. ஆக, இனி 38 சதவீதத்தில் வைக்க வேண்டும். மானி தப்பாகக் காட்டினால்கூட இந்தக் கணக்கு ஓரளவு தாங்கும் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். மானி எதை 55 என்று சொன்னாலும், அதை இறக்க வேண்டும் என்ற திசை தப்பாது. 14ஆம் நாள் மறுபடி நிறுத்துப் பார்த்தால் எவ்வளவு இறக்கியது சரி என்பதும் தெரிந்துவிடும்.

முட்டைகளை நிறுக்க வெளியே எடுத்தால் குளிர்ந்துவிடாதா என்று சிலர் பயப்படுகிறார்கள். அடைக்கோழியே தினமும் இரை எடுக்க எழுந்து போகிறது. பத்து நிமிடம் வெளியே இருந்தால் ஒன்றும் ஆகாது. டார்ச் அடிக்கும் அதே நேரத்தில் நிறுத்துவிட்டால் இரண்டு தடவை திறக்க வேண்டியதும் இல்லை.

இந்தக் கணக்கில் ஒரு ஆறுதலும் இருக்கிறது. முதல் 18 நாளில் முட்டை பார்ப்பது மொத்தத்தைத்தான். இரவு தட்டு வற்றி ஈரப்பதம் 25க்கு இறங்கிவிட்டது, காலையில் ஊற்றியதும் 65க்கு ஏறிவிட்டது என்று பதற வேண்டாம். சராசரி சரியாக இருந்தால் எடை சரியாக வந்து சேரும். வெப்பநிலையில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே ஒரு டிகிரி கூடி சில மணி நேரம் நின்றாலே கருவுக்கு ஆபத்து. ஈரப்பதத்தைப் பற்றி இரவு தூங்காமல் கவலைப்படுகிறவர்கள் அந்தக் கவலையில் பாதியை வெப்பநிலைக்குத் திருப்பினால் நல்லது.

ஒரே நாளில் வைத்த முட்டைகளிலும் எல்லாம் ஒரே வேகத்தில் எடை குறையாது. ஓடு மெல்லியது, துளை அதிகம் உள்ளது வேகமாக உலரும். வயதான கோழியின் முட்டை பெரும்பாலும் இந்த வகை. சிறிய முட்டை பெரியதைவிட விகிதத்தில் வேகமாக உலரும். ஒன்றுக்கு ஒன்று வேறாக இருக்கும்போது எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஈரப்பதம் என்று ஒன்று இல்லை. பெரும்பாலானவை 11க்கும் 14க்கும் நடுவில் விழும்படி பார்த்துக்கொள்வதுதான் செய்யக்கூடியது. தூர எல்லையில் நிற்கிற முட்டைகளின் எண்ணைக் குறித்துவைத்தால், பொரிக்கும் நாளில் எதன் மேல் கண் வைக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். உயரமான மலைப்பகுதியில் காற்றழுத்தம் குறைவு என்பதால் நீராவி துளைகள் வழியே இன்னும் வேகமாக வெளியேறும். அங்கே ஈரப்பதத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டியிருக்கும்.

தட்டைப் பொறுத்தவரை தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். ஈரப்பதத்தைக் கூட்டுவது தண்ணீரின் ஆழம் அல்ல, அதன் பரப்பு. ஒரு விரல் ஆழமோ நான்கு விரல் ஆழமோ, அகலம் ஒன்றென்றால் ஈரம் ஒன்றுதான். ஆழமானது அதிக நாள் வரும், அவ்வளவே. ஈரம் போதவில்லையா, இன்னொரு தட்டு வையுங்கள், அல்லது தட்டில் ஒரு ஸ்பாஞ்சை நிமிர்த்தி நிறுத்துங்கள். அதிகமா, தட்டின் ஒரு பகுதியைப் பாலிதீன் தாளால் மூடுங்கள். ஊற்றும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் பெட்டியின் சூடு இறங்காது. தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். 37 டிகிரியில் கிடக்கும் அழுக்குத் தண்ணீரிலும் பழைய ஸ்பாஞ்சிலும் கிருமி வேகமாகப் பெருகும்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு: ஈரப்பதத்தைக் கூட்டுவதற்காகக் காற்றுத் துளைகளை அடைப்பது. எண் உடனே ஏறும், உண்மைதான். ஆனால் கடைசி வாரத்தில் கருவுக்கு ஆக்சிஜன் தேவை கிடுகிடுவென்று கூடுகிறது. அந்த நேரத்தில் துளையை அடைத்தால் ஈரத்துக்காக மூச்சைப் பறிப்பதாகிவிடும்.

18ஆம் நாளோடு கணக்கு மாறுகிறது. முட்டையைத் திருப்புவது நின்றுவிடும், திருப்பும் கருவியை வெளியே எடுத்துவிடலாம், ஈரப்பதத்தை 65 முதல் 70 வரை உயர்த்த வேண்டும். இதுவரை உலர வேண்டும் என்று சொன்ன நானே இப்போது ஈரம் கூட வேண்டும் என்கிறேன் என்றால், இனி எடைக் குறைவு நம் கவலை இல்லை, சவ்வுதான் கவலை. குஞ்சு ஓட்டை உடைத்த நிமிடத்திலிருந்து உள்ளிருக்கும் சவ்வு நேரடியாகச் சூடான காற்றைச் சந்திக்கிறது. ஈரமாக இருக்கும்வரை அது மெல்லிய, கிழியக்கூடிய தோல். காய்ந்துவிட்டால் குஞ்சின் இறகோடு ஒட்டி இறுகி, திரும்ப விடாது.

பொரிக்கும் முட்டையை ஒரு தடவையாவது பக்கத்திலிருந்து பொறுமையாகப் பார்க்க வேண்டும். முதலில் வெளியே எதுவும் தெரியாது. முட்டை லேசாக அசையும், காது வைத்தால் கீச்சென்று சத்தம் கேட்கும். அலகு காற்றறைக்குள் வந்துவிட்டது என்று பொருள். பிறகு மழுங்கிய முனைக்குக் கொஞ்சம் கீழே நட்சத்திரம் போல் ஒரு விரிசல். ஒரு சில்லு எழும்பி நிற்கும், அதன் நடுவில் மேல் அலகின் நுனியில் இருக்கும் வெண்மையான முட்டைப்பல் தெரியும். அதற்குப் பிறகு மணிக்கணக்கில் ஒன்றுமே நடக்காது. பார்க்கிறவருக்குத்தான் இது பெரிய சோதனை. ஆனால் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது: சவ்வில் ஓடிய இரத்தம் குஞ்சின் உடம்புக்குள் திரும்புகிறது, மீதி மஞ்சள் கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. 12 மணி நேரம், 18 மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகலாம். அதன் பிறகுதான் குஞ்சு உள்ளே சுற்றிக்கொண்டே ஓட்டை வரிசையாக வெட்டத் தொடங்கும். வட்டம் முக்கால்வாசி ஆனதும் கால்களை உந்தித் தள்ளும், மூடி கழன்றுவிடும்.

இந்த இடைவேளையில்தான் மூடியைத் திறக்கக் கூடாது. திறந்த கணத்தில் ஈரமான காற்று மொத்தமும் வெளியே போய்விடுகிறது. மூடியதும் சூடு சீக்கிரம் திரும்பிவிடும், ஈரம் திரும்ப அதைவிட நேரமாகும். அந்த நேரத்தில் விரிசல் விட்டு நிற்கும் ஒவ்வொரு முட்டையின் சவ்வும் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்கிறது. முதலில் பிறந்த குஞ்சை எடுக்கிற ஆசையில் திறந்தால் அதன் விலையைப் பின்னால் வருகிறவை கொடுக்க வேண்டியிருக்கும். முதல் குஞ்சுக்கு அவசரமே இல்லை. வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு அதற்கு இரண்டு நாளுக்கு மேல் தாங்கும். ஒரு நாள் வரை தாராளமாக உள்ளேயே விடலாம்.

தண்ணீர் குறைந்துவிட்டால்? அதற்கு முன்னேற்பாடு வேண்டும். 18ஆம் நாளே மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை, சலைன் டியூப்கூடப் போதும், காற்றுத் துளை வழியாகத் தட்டுவரை விட்டுவைத்தால் வெளியிலிருந்தே சிரிஞ்சால் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றலாம். மூடியைத் தொட வேண்டியதே இல்லை. தட்டின் மேல் வலை போட்டிருக்க வேண்டும். புதிதாகப் பிறந்த குஞ்சு தலையைத் தூக்கத் தெரியாமல் ஒரு விரல் ஆழத் தண்ணீரிலும் மூழ்கிவிடும்.

இரண்டு மூன்று குஞ்சுகள் வெளியே வந்ததும் மானி 80, 85 என்று எகிறும். அது அந்தக் குஞ்சுகளின் மேலிருந்து காயும் ஈரம். பயப்பட வேண்டியதில்லை. கண்ணாடியில் நீர் வழியத் தொடங்கினால் மட்டும் இன்னொரு துளையைத் திறந்துவிடுங்கள்.

விரிசல் விட்டு ஒரு நாள் கடந்தும் முன்னேற்றமே இல்லாத முட்டை விஷயத்தில் கை துறுதுறுக்கும். அப்போது பார்க்க வேண்டியது சவ்வின் நிறம். வெள்ளையாக, ஈரமாக, இரத்தக் குழாய் தெரிந்தால் தொடவே கூடாது. குஞ்சு இன்னும் தயாராகவில்லை, கிழித்தால் இரத்தம் வரும். மஞ்சள் பழுப்பாக, காகிதம் போல் காய்ந்து மொரமொரப்பாக இருந்தால் ஒட்டிக்கொண்டுவிட்டது. வெதுவெதுப்பான நீரில் தொட்ட பஞ்சால், மூக்குத் துளையில் தண்ணீர் இறங்காமல், சவ்வை நனைத்துவிட்டு அதன் போக்கில் விடலாம். மற்ற முட்டைகளில் விரிசல் இல்லாத நேரமாகப் பார்த்து இதைச் செய்ய வேண்டும்.

பொரிக்காமல் நின்ற முட்டைகளை அப்படியே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 23ஆம் நாள், மழுங்கிய முனையிலிருந்து ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பாருங்கள். மனதுக்குக் கஷ்டமான வேலைதான். முழுசாக இறகு முளைத்து, கண் மூடிக் கிடக்கும் குஞ்சைப் பார்ப்பது எத்தனை தடவை ஆனாலும் பழகுவதில்லை. ஆனால் நடந்ததை வேறு யாரும் நமக்குச் சொல்லப் போவதில்லை. காற்றறை சின்னதாக, உடைத்ததும் நீர் வழிந்து, குஞ்சு கழுத்தெல்லாம் வீங்கி ஓடு முழுக்க அடைத்துக்கொண்டிருந்தால் ஈரம் அதிகம். அடுத்த தடவை முதல் 18 நாளின் எண்ணை இறக்க வேண்டும். காற்றறை மிகப் பெரிதாக, குஞ்சு சிறுத்து, சவ்வு உடம்போடு ஒட்டி இறுகியிருந்தால் ஈரம் குறைவு. காற்றறை சரியான அளவில் இருந்து சவ்வு மட்டும் காய்ந்திருந்தால் முதல் 18 நாளில் தவறில்லை, கடைசி மூன்று நாளில் ஈரம் போதவில்லை. மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் "ஈரம் பத்தவில்லை" என்று மொத்தமாக முடிவு கட்டினால் அடுத்த தடவை எதிர்த் திசையில் போய் நிற்போம்.

எல்லா இழப்பையும் ஈரப்பதத்தின் தலையில் கட்டவும் கூடாது. முதல் வாரத்திலேயே கரு நின்று சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் அது வெப்பநிலையாலோ, முட்டையை அதிக நாள் சேமித்ததாலோ, வழியில் குலுங்கியதாலோ வந்திருக்கலாம். தலை கூர்முனைப் பக்கம் திரும்பியிருந்தால் முட்டையை நிறுத்தி வைத்த விதத்தைப் பார்க்க வேண்டும். ஈரப்பதம் பெரும்பாலும் தன் முகத்தைக் காட்டுவது கடைசி நாட்களில்தான்.

மற்ற பறவைகளுக்கும் இதே தராசு, இதே கழித்தல் கணக்குதான். நாட்கள் மட்டும் மாறும். ஜப்பானியக் காடைக்கு 17, 18 நாள், ஈரத்தைக் கூட்டுவது 14, 15ஆம் நாளில். முட்டை பத்து, பன்னிரண்டு கிராம்தான் என்பதால் ஒவ்வொன்றாக நிறுப்பதைவிட இருபது முட்டையைச் சேர்த்து நிறுப்பது சரியாக வரும். வாத்துக்கும் வான்கோழிக்கும் 28 நாள், கினிக்கோழிக்கு 26 முதல் 28, மணிலா வாத்துக்கு 35. வாத்து முட்டையில் விரிசல் விழுந்ததிலிருந்து வெளியே வரும் வரை கோழியைவிட அதிக நேரம் பிடிக்கும், சில சமயம் இரண்டு நாள். அதனால் அந்தக் கடைசி நாட்களுக்கான குழாயும் சிரிஞ்சும் வாத்துக்கு இன்னும் அவசியம். 25ஆம் நாள் மூடியைச் சாத்துவதற்கு முன் தட்டு விளிம்புவரை நிரம்பியிருக்கிறதா, குழாயின் முனை தண்ணீருக்குள் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.